பத்தும் பட்டும்: பாப்பாவின் காது பழகும் ஓராண்டு

மாணவர்களே, முதலில் ஒரு சின்னச் சோதனை. 'பத்து' என்று சொல்லுங்கள். அடுத்து 'பட்டு' என்று சொல்லுங்கள். முதல் சொல்லில் நாக்கின் நுனி மேற்பல்லைத் தொடுகிறது. இரண்டாவதில் அது வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. நமக்கு இவை தெளிவாக இரண்டு ஒலிகள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

ஆனால், அவரும் கைக்குழந்தையாக இருந்தபோது இந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பார்!

தலையைத் திருப்பிய குழந்தைகள்

கனடாவின் வான்கூவர் நகரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. இந்தியில் உள்ள த, ட ஒலிகளை அவர்கள் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், ஒரு பொம்மை ஒளிர்ந்து அசையும்.

ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே திரும்பினர். இந்தி கேட்டு வளரும் குழந்தைகளோ அந்த வயதிலும் தவறவிடவில்லை.

ஏன் இப்படி? அடிக்கடி கேட்கும் ஒலிகளுக்கு மூளை தன் கவனத்தைக் கூர்மையாக்குகிறது. கேட்காத ஒலி வேறுபாடுகளை மெல்லக் கைவிடுகிறது. பின்னாளில் அவற்றைக் கற்கவே முடியாது என்பதில்லை. ஆனால், பாப்பா சிரமமின்றிப் பெறுவதைப் பெரியவர்கள் பாடுபட்டுத்தான் பெற வேண்டும்.

ஆயாக்கொட்டகையில் கேட்ட தமிழ்

சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போன அம்மா, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். அது கடினமான வாழ்க்கை. அங்கே புத்தகங்களும் அரிது. ஆனாலும் தொட்டிலைச் சுற்றித் தமிழ் ஓயவில்லை. ஆயாவின் தாலாட்டு, பாட்டியின் கதை, பக்கத்து வீட்டு அக்காவின் கொஞ்சல் என நாள் முழுதும் மனிதக் குரல்கள் கேட்டன.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் ஈப்போவுக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் கைப்பேசிதான் தாலாட்டுப் பாடுகிறது. அதுவும் தமிழ்தானே, போதாதா?

திரை கற்பிக்கவில்லை

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பட்ரிசியா கூலும் அவர் குழுவினரும் இதே கேள்விக்கு விடை தேடினர். 2003இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மாண்டரின் மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி விளையாடினர். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், மொத்தம் 12 முறை. அவ்வளவில், மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகள் தைவான் குழந்தைகளைப் போலவே பிரித்தறிந்தனர்.

வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே வாசிப்பு காணொளியில் காட்டப்பட்டது. அவர்கள் அந்த வேறுபாட்டைக் கற்கவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களும் அப்படியே. நேரில் இருப்பவர் குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார். அது சிரித்தால் சிரிக்கிறார். அது கைநீட்டும் படத்தின் பெயரைச் சொல்கிறார். திரையால் அது முடியாது.

உங்கள் குரல் போதும்

வீட்டில் தம்பிப் பாப்பாவோ அக்காவின் குழந்தையோ இருந்தால், இந்த வேலை உங்களுடையது. புதுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பழைய முதலாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலே போதும். பாப்பாவை மடியில் வைத்து, உங்கள் முகம் தெரியும்படி, நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். பாப்பா 'ஆ... ஊ...' என்றால் நிறுத்திப் பதில் சொல்லுங்கள். ஒரே பக்கத்தை நாளையும் வாசிக்கலாம், பாப்பாவுக்குச் சலிக்காது. புத்தகத்தைக் கடித்தாலும் பரவாயில்லை!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பல், பள்ளி, பழம் ஆகிய சொற்களைத் தெளிவாக உச்சரியுங்கள். மலாயும் ஆங்கிலமும் ல, ள, ழ என்று மூன்றாகப் பிரிப்பதில்லை. பாப்பா அவற்றையும் கற்கட்டும். ஆனால், இந்த மூன்று ஒலிகளைப் பாப்பாவின் காது உங்கள் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும்.