மழைக் கணக்கும் சரக்குக் கணக்கும்

ஐப்பசி பிறந்தால் அடைமழை என்ற கணக்கில்தான் காடாம்புலியூர், பண்ருட்டி வட்டார வணிகர்களாகிய நாம் காலங்காலமாகக் கொள்முதல் செய்து வருகிறோம். தீபாவளிச் சரக்கை மழைக்கு முன்பே இறக்கி விடுவோம். சர்க்கரை, வெல்லம், உப்பு மூட்டைகளைத் தரையில் படாமல் பலகை மேல் ஏற்றி விடுவோம். கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லி மீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்து விடுகிறது. இது நமக்கு மனப்பாடம்.

ஆனால் நம் கடையில் உள்ள சரக்கெல்லாம் நம் ஊர் மழையில் விளைந்தவை அல்லவே! கிராம்பு, சுருள் பட்டை, மிளகில் ஒரு பகுதி ஆகியவை இலங்கையிலிருந்து வருகின்றன. 2000 மார்ச்சில் இந்திய-இலங்கை வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பின் இந்த வரத்து கூடியது. அங்கு விளையும் மிளகுக்கும் கிராம்புக்கும் நம் நாடே பெரிய வாடிக்கை. எனவே அந்தத் தீவின் மழைக் கணக்கும் மளிகை வணிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு ஒரு மழைக்காலம் என்றால் கொழும்புக்கு இரண்டு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து நடுமலையில் மோதுகிறது. மலைக்கு மேற்கே உள்ள சரிவுகள் நனைந்து விடுகின்றன. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லி மீட்டரைத் தாண்டும். அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரமெல்லாம் போய் அனலாக வீசும். மட்டக்களப்பில் இதற்குக் கச்சான் காற்று என்று பெயர். (நாம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக்கும் அங்கே கச்சான் என்றுதான் பெயர். இலங்கை வியாபாரியிடம் பேசும்போது குழம்ப வேண்டாம்!) பிறகு அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதும் இடி மின்னலுடன் மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்றால் வடக்கும் கிழக்கும் நனையும். கொழும்பில் ஓரளவு காய்ச்சலாக இருப்பது ஜனவரியும் பிப்ரவரியும்தான். இத்தனை மழை பெய்யும் அதே தீவில் மன்னார்ப் பக்கம் நம் கடலூரை விடக் குறைவாகப் பெய்கிறது என்பது விந்தை.

பட்டைக்கு மழை நண்பன். மழைக்குப் பின் கிளையில் சாறு ஓடும்போதுதான் தோல் சுலபமாக உரிந்து வரும். கிராம்புக்கோ மழை எதிரி. கண்டி, மாத்தளைப் பக்கம் மார்கழி, தை, மாசியில் மொட்டுப் பறித்து, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். அந்த நாட்களில் மழை விட்டு விட்டுப் பெய்தால் மொட்டு வெளுத்து, சுருங்கி, எண்ணெய் குன்றிப் போகும். இப்படிப்பட்ட சரக்கு நல்ல சரக்கோடு கலந்து மூட்டையாகி நம்மிடம் வந்து சேர்வதும் உண்டு. நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிகிறதா, தலை உதிராமல் இருக்கிறதா, நிறம் ஒரே சீராக இருக்கிறதா என்று மாதிரியிலேயே பார்த்து விடுவது நல்லது. மூட்டையை இறக்கிய பிறகு மொத்த வியாபாரியோடு வாதாடிப் பயனில்லை.

இதிலே நம் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கிராம்பு காயும் அதே நாட்களில்தான் இங்கே முந்திரி பூக்கிறது. மழை ஓய்ந்து வெயிலடித்தால் பூ நிற்கும். தை, மாசியில் மேகமூட்டமும் தூறலுமாக இருந்தால் பூ கருகும், பூச்சி விழும். வங்கக் கடலில் பருவம் தப்பி உருவாகும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இரண்டு கரைகளையும் ஒருசேரக் கெடுத்து விடும். முந்திரி கெட்டால் மளிகைக் கடைக்கு என்ன என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். கொட்டை உடைக்கும், பருப்பு உரிக்கும் குடும்பங்கள் நம்மிடம் வாங்கிய பற்று பங்குனி, சித்திரையில்தானே அடைகிறது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதிதாக நட்ட ஒட்டுக்கன்று காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பற்று நோட்டை மூடவும் முடியாது, நீட்டவும் முடியாது என்ற நிலை நம்மில் பலருக்கு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையை வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூழ்கடித்து விட்டு வடக்கே நம் கரையை நோக்கி நகர்ந்தது.

ஆகையால் கிராம்பைப் பொறுத்தவரை ஆண்டுக் கொள்முதலை ஒரே தவணையில் முடிக்காமல், பழைய சரக்கில் ஒரு பங்கை மார்ச் வரை இருப்பு வைத்து, புதுச் சரக்கின் மாதிரியைப் பார்த்த பிறகு மீதியைப் பிடிப்பது நலம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையோடு இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்து வரலாம். அது தமிழிலும் வெளிவருகிறது. அங்கே மழை நீளுகிறது என்றால் கிராம்பு வரத்து தாமதமாகும். இங்கேயும் சேர்ந்து நீளுகிறது என்றால், புதிதாகக் கொடுக்கும் கடனில் சற்றுக் கையை இறுக்கிக் கொள்ளலாம். பழைய வாடிக்கைக்கு மட்டும் அரிசி, பருப்பு மறுக்க வேண்டாம்.