நிலமில்லாதவர்களின் நண்பர் ஜெகந்நாதன்!

'பக்கத்து நிலத்தில் இறால் குட்டை வெட்டுகிறார்கள். என் வயலில் உப்பு ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது?'

கடலோர டெல்டாவில் நெல் போடும் விவசாயிகள் இன்றைக்கும் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல இப்போது ஒரு சட்டம் இருக்கிறது, ஓர் ஆணையம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இரண்டுமே கிடையாது. அவை வருவதற்குக் காரணமாக இருந்தது உச்ச நீதிமன்றத்தில் 1994-ம் ஆண்டு போடப்பட்ட ஒரு பொதுநல வழக்கு. அதைப் போட்டவர் எண்பது வயதை எட்டியிருந்த கதர் வேட்டிக்காரர் ஒருவர். பெயர், சங்கரலிங்கம் ஜெகந்நாதன்.

அவருக்கென்று அந்தக் கடலோரத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லை. ஆனால், அங்கே நிலம் பெற்றிருந்த ஏழைக் குடும்பங்கள் பல, அவரும் அவருடைய மனைவி கிருஷ்ணம்மாளும் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்ததால் நிலம் பெற்றவை. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அவர் போய்விடவில்லை. அந்த மண்ணுக்கு ஆபத்து வந்தபோது, தள்ளாத வயதிலும் வந்து நின்றார். 2013-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் தேதி, நூறை நெருங்கிய வயதில் காந்திகிராமத்தில் அவர் காலமானார். நிலமில்லாத உழைப்பாளிக்கு இவரைப்போல ஒரு நண்பர் கிடைப்பது அபூர்வம்.

படிப்பை விட்டவர்

அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ஜெகந்நாதன். காந்தியின் அழைப்பைக் கேட்டு, 1930-ம் ஆண்டு வாக்கில் கல்லூரிப் படிப்பை விட்டார். கெய்த்தான் என்ற அமெரிக்கப் பாதிரியாரோடு சேர்ந்து ஏழைகள் மத்தியில் தொண்டு செய்தார். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வந்தது. ஜெகந்நாதன் சிறைக்குப் போனார்.

நாடு விடுதலை அடைந்த பிறகுதான் திருமணம் என்று முடிவெடுத்திருந்தார். 1950-ல் கிருஷ்ணம்மாளை மணந்தார். கிருஷ்ணம்மாள் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் 1926-ல் பிறந்து, வறுமையோடு போராடிப் படித்து வந்தவர். மாப்பிள்ளை வீடு வசதியான வீடு. அந்தக் காலத்தில் இப்படியொரு திருமணம் நடப்பது சாதாரண விஷயமல்ல. அன்று தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல், ஒருவர் சிறையில் இருந்தால் மற்றவர் வெளியே வேலையைத் தொடர்ந்தார்கள்.

தானமாக வந்த நிலம்

தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் 1951-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் தேதி, வினோபா பாவே முன்னிலையில் நிலவுடைமையாளர் ஒருவர் 100 ஏக்கரைத் தானமாகக் கொடுத்தார். பூதான இயக்கம் அங்கேதான் பிறந்தது. 'உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால், நிலமில்லாத ஏழையை ஆறாவது பிள்ளையாக நினைத்து ஆறில் ஒரு பங்கு கொடுங்கள்' என்பதுதான் வினோபாவின் கோரிக்கை. வட இந்தியாவில் வினோபாவோடு நடந்த ஜெகந்நாதன், திரும்பி வந்து தமிழ்நாட்டில் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஊர் ஊராக நடை. போன இடத்தில் சாப்பாடு, கிடைத்த இடத்தில் தூக்கம்.

நிலம் கிடைத்தது. பூதான நிலங்களுக்காக 1958-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்தது. ஆனால், தானமாக வந்ததில் கணிசமான பகுதி தரிசாகவும் கரடாகவும் இருந்தது. சில நிலங்களில் வில்லங்கம் இருந்தது. வாயால் கொடுத்தவர்கள் எல்லோரும் எழுத்தில் கொடுக்கவில்லை. நல்ல தண்ணீர் பாயும் நஞ்சை, பெரும்பாலும் பழைய கைகளிலேயே இருந்தது. கேட்டு வாங்குவது மட்டும் போதாது, சட்டப்படி ஏழைக்குச் சேர வேண்டிய நிலத்தைச் சத்தியாகிரகம் செய்தாவது பெற்றுத்தர வேண்டும் என்ற முடிவுக்கு ஜெகந்நாதன் வந்தார். கோயில் நிலங்களைப் பினாமி பெயர்களில் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த பெரிய மனிதர்களை எதிர்த்து அவர் நின்றது அப்படித்தான். வலிவலத்தில் நடந்த சத்தியாகிரகத்தைக் கீழத்தஞ்சைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வெண்மணிக்குப் பிறகு

கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டுவந்த காலம். 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி இரவு, கீழ்வெண்மணியில் உயிருக்குப் பயந்து ஒரே குடிசையில் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல்.

செய்தி கேட்டு ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள். 'உழுகிறவனுக்குச் சொந்த நிலம் இல்லாதவரை, அரைப்படி நெல்லுக்காக அவன் அடுத்தவன் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்' என்பது அவர்களுடைய கணக்கு. அடுத்த பல ஆண்டுகள் நாகப்பட்டினம், திருவாரூர் வட்டாரமே அவர்களுடைய களம்.

பெண்கள் பெயரில் பத்திரம்

1981-ல் இருவரும் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 'லாஃப்டி' என்று சொன்னால்தான் டெல்டாவில் பலருக்குத் தெரியும். அதன் வழி எளிமையானது. நிலத்தை விற்க நினைக்கும் மிராசுதாரரையும், அதே நிலத்தில் கூலிக்கு உழைக்கும் குடும்பங்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசுவது. நியாயமான விலையைப் பேசி முடிப்பது. வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து நிலத்தை வாங்குவது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக் கொடுப்பது. சேர்ந்து பயிர் செய்து, விளைச்சலிலிருந்து கடனைக் கட்டுவது.

சொல்ல எளிது, நடத்துவது கடினம். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. ஒவ்வோர் ஏக்கரையும் தனித்தனியாகப் பதிவு செய்ய முத்திரைத்தாள் செலவு மலைபோல நின்றது. ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகளிடம் நடந்து, மனு கொடுத்து, காத்திருந்து, மறுபடியும் நடந்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில் எழுதப்பட்டது. குடிக்கும் வட்டிக்கும் நிலம் போய்விடாமல் வீட்டில் தங்க வேண்டும் என்றால் அது பெண்ணின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் உறுதியாக இருந்தார்.

2007-ம் ஆண்டுவரை இந்த வழியில் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் கைமாறியது. ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை, ஓர் உயிர்ச்சேதம் இல்லை. விற்றவருக்கும் பணம் வந்தது, வாங்கியவருக்கும் மண் வந்தது.

வயலுக்குள் வந்த கடல்

இத்தனை பாடுபட்டு நிலம் கைக்கு வரும் நேரத்தில்தான், 1990-களின் தொடக்கத்தில், கடலோரத்தில் இறால் கம்பெனிகள் இறங்கின. வெளிநாட்டு ஏற்றுமதிக்காக வரி இறால் வளர்க்கும் வேலை. நெல் வயல்கள் மொத்தம் மொத்தமாக விலைக்குப் போயின. நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே பண்ணையாக மாறியது.

பாதிப்பு மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, குட்டையில் தேக்கிய உப்புநீர் கசிந்து பக்கத்து வயலுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் போனது. இரண்டாவது, கடல்நீரின் உப்பைக் குறைக்க நிலத்தடி நன்னீரை இறைத்துக் கலந்தார்கள். நன்னீர் குறையக் குறைய, கடல்நீர் நிலத்துக்கு அடியில் உள்ளே ஏறியது. மூன்றாவது, தீவனக் கழிவும் மருந்தும் கலந்த தண்ணீரை வடிகால் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். இதோடு வேலையும் போனது. நடவு, களை, அறுப்பு என்று நூறு பேர் உழைத்த இடத்தில், இறால் குட்டைக்குக் காவலுக்குச் சிலர் போதும். குடிக்கத் தண்ணீர் எடுக்கவும் பெண்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டியதாயிற்று.

ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார். ஊர்வலம் நடத்தினார். குட்டை வெட்டும் இடங்களில் மக்களோடு உட்கார்ந்தார். பதிலுக்கு அடியாட்கள் வந்தார்கள், குடிசைகள் எரிந்தன, இயக்கத் தொண்டர்கள் மீது பொய் வழக்குகள் விழுந்தன. திருப்பி அடிக்கக் கூடாது, இடத்தை விட்டுப் போகவும் கூடாது என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது.

கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் அவர் உச்ச நீதிமன்றம் போனார். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், நீதிமன்ற உத்தரவின்படி நேரில் வந்து பார்த்தது. இறால் பண்ணைகளால் கிடைக்கும் வருமானத்தைவிட, அவற்றால் ஏற்படும் இழப்பு அதிகம் என்று அறிக்கை கொடுத்தது.

தீர்ப்பும், அதன் பிறகும்

1996-ம் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் குட்டைகளை, பாரம்பர்ய முறையில் நடப்பவை தவிர, 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். விவசாய நிலம், உப்பள நிலம், சதுப்புநிலக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது. மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுக்க வேண்டும். வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளிகளுக்கும் ஆறு ஆண்டுக் கூலியை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். இவை தீர்ப்பின் முக்கிய அம்சங்கள்.

தீர்ப்பு எழுதியபடியே நடந்துவிடவில்லை. மறுஆய்வு மனுக்கள் வந்தன, காலம் இழுபட்டது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, இறால் வளர்ப்பைப் பதிவு செய்து முறைப்படுத்தும் வழியைத் திறந்தது. 2023-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2009-க்குப் பிறகு வனாமி இறால் வந்து, தொழில் இன்னும் பெருகியிருக்கிறது. உவர்ப்பு நிலத்தில் முறையாகப் பண்ணை நடத்திப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், நெல் விளையும் நிலத்தை உப்புக் குட்டையாக்குவது தவறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைத்தது, அந்த முதியவரின் பிடிவாதம்.

2008-ல் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் சேர்த்து, மாற்று நோபல் பரிசு என்று சொல்லப்படும் 'வாழ்வுரிமை விருது' சுவீடனில் வழங்கப்பட்டது. கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

உங்கள் வயல் பக்கத்தில் குட்டை வந்தால்...

ஜெகந்நாதனை நினைவில் வைத்திருப்பது என்றால், அவர் போராடிப் பெற்ற உரிமையைப் பயன்படுத்துவதும் அதில் ஒன்று. கடலோர இறால் பண்ணை எதுவானாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மீன்வளத்துறை அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தனியாளாகப் போவதைவிட, பாதிக்கப்பட்ட பத்து விவசாயிகள் கையெழுத்துப் போட்டுப் போவது நல்லது.

குட்டை வருவதற்கு முன்பே மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உப்பு ஏறினால், முன்பு இல்லை என்று காட்ட அதுதான் சாட்சி. பரிசோதனை அட்டையில் மின்கடத்துத் திறன் 1 வரை இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது.

ஏற்கெனவே உப்பு ஏறிவிட்டதா? உவர் நிலம் என்றால் ஜிப்சம் மட்டும் போட்டுப் பயனில்லை. அது களர் நிலத்துக்கான வைத்தியம். உவர் நிலத்தில் வரப்பை உயர்த்தி, மழைநீரையோ ஆற்றுநீரையோ தேக்கி, உப்பு கரைந்ததும் வடிகாலில் வடிக்க வேண்டும். இதைச் சில தடவை செய்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். குழியடிச்சான்போல உப்பைத் தாங்கும் பாரம்பர்ய ரகங்களையும் முயன்று பார்க்கலாம். வடிகால் இல்லாவிட்டால் எதுவும் பலிக்காது. அதனால், முதல் வேலை ஊர் சேர்ந்து வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவதுதான்.

கீழத்தஞ்சையில் கூலி வேலை செய்த அம்மாக்கள் பலரின் வீட்டில் இன்று ஓர் ஏக்கருக்கான பத்திரம் இருக்கிறது. அந்த ஏக்கரில் இந்தச் சம்பாவுக்கும் நாற்று விடுகிறார்கள்.