போனவர் பெயரில் புழங்கும் சாவி
கம்ப்யூட்டர் கம்பெனிகளில் "சார்ஜ்" ஒப்படைப்பது எப்படி?

- நமது பங்காரப்பேட்டை நிருபர் -

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடிகாலையில் புறப்படும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். 2001-ம் ஆண்டு பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் தமிழர்கள் பலருக்கு இந்த ரயில்தான் பிழைப்பு. தாத்தா சுரங்கத்தில் இறங்கினார்; பேரன் ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறான்.

அப்படி இறங்கும் இளைஞர் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு நாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை அண்ணா. எட்டு மாதத்துக்கு முன் நான் விட்ட கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் பெயரில் யாரோ உள்ளே போய் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துவிட்டார்களாம். என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில்வேயில் ஒரு புக்கிங் கிளார்க் மாற்றலாகிப் போனால், டிக்கெட் இருப்பு, ரொக்கம், பெட்டிச் சாவி எல்லாவற்றையும் அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்காமல் நகர மாட்டார். கோடிக்கணக்கில் புழங்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் இந்தச் சின்ன நடைமுறை இல்லையா?

வாடகைக் கிடங்கு

இருக்கிறது, ஆனால் அது தானாக நடப்பதில்லை என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் விவரங்கள் அதன் கட்டடத்திலேயே இருந்தன. இப்போது "கிளவுட்" என்னும் வாடகைக் கிடங்குகளில் இருக்கின்றன. 2012-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஸ்னோஃப்ளேக் அப்படிப்பட்ட ஒரு தளம். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் கம்ப்யூட்டர்கள்மீது அது இயங்குகிறது. பாஸ்வேர்டு தெரிந்தவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் கதவைத் தட்டலாம். வாசலில் காவலாளி நின்று முகம் பார்ப்பதில்லை.

யாருக்கு எந்தக் கதவின் சாவி, அதை யார் கொடுத்தார், இன்னும் அது தேவையா என்று கணக்கு வைப்பது வேறொரு கருவியின் வேலை. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 2005-ல் தொடங்கப்பட்ட செயில்பாயிண்ட் இந்தத் துறையில் பெயர் பெற்றது. கிடங்கையும் இந்தக் கணக்குப்பிள்ளையையும் இணைப்பதுதான் நமது இளைஞரின் இப்போதைய வேலை.

இணைப்பது எப்படி?

முதலில், கணக்குப்பிள்ளைக்கென்று கிடங்கில் தனி ஐ.டி. வேண்டும். அவசரத்தில் யாராவது ஒரு அதிகாரியின் ஐ.டி.யைக் கொடுத்துவிடுவார்கள், அவர் வேலையை விட்டால் இணைப்பும் போய்விடும். சர்வ அதிகாரமுள்ள "அக்கவுண்ட் அட்மின்" பொறுப்பையும் அதற்குக் கொடுக்கக்கூடாது. ஆட்களைச் சேர்க்க, நீக்க, பட்டியல் படிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே போதும்.

அடுத்து, கிடங்கில் உள்ள எல்லா ஐ.டி.களையும் படித்து, சம்பளப் பட்டியலில் உள்ள பெயர்களோடு பொருத்த வேண்டும். இங்கேதான் பூதம் கிளம்பும். பொருந்தாமல் நிற்கும் ஐ.டி.கள் அனாதைகள்: போனவர்கள், ஒப்பந்த ஆட்கள், சோதனைக்காக யாரோ தொடங்கிவிட்டு மறந்தவை.

மூன்றாவது, பொறுப்புகள். ஸ்னோஃப்ளேக்கில் அதிகாரம் ஆளுக்கு மட்டுமல்லாமல் பொறுப்புக்கும் தரப்படுகிறது; ஒரு பொறுப்புக்குள் இன்னொரு பொறுப்பையும் வைக்கலாம். "பார்வையிட மட்டும்" என்று பெயர் கொண்ட பொறுப்புக்குள் பெரிய அதிகாரம் ஒளிந்திருக்கலாம். மேலதிகாரி பெயரைப் பார்த்து "சரி" என்று டிக் அடித்தால் பயனில்லை. அடுக்குகளைப் பிரித்துக் காட்டினால்தான் சோதனை.

நான்காவது, டோக்கன். "ஸ்கிம்" என்ற பொதுமுறையில் இரண்டையும் இணைக்கும்போது ஸ்னோஃப்ளேக் ஒரு டோக்கன் தருகிறது. அதற்கு ஆயுள் ஆறு மாதம். புதுப்பிக்க மறந்தால் ஆட்களை நீக்கும் உத்தரவு கிடங்கைச் சென்றடையாது. ஒற்றைப் பாதையில் டோக்கன் கருவி இருந்த நாட்களைப் பழைய டிரைவர்கள் அறிவார்கள். எடுத்த டோக்கன் மறுபடி கருவிக்குள் போகும்வரை இன்னொன்று வெளியே வராது. அந்தக் கண்டிப்பு இங்கே இயந்திரத்தில் இல்லை. மனிதர்தான் நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

2024-ல் நடந்தது

இதையெல்லாம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2024 காட்டியது. திருட்டு பாஸ்வேர்டுகளோடு ஒரு கும்பல் பல நிறுவனங்களின் ஸ்னோஃப்ளேக் கணக்குகளில் நுழைந்தது. சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டதாக, விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம் அந்த ஜூனில் தெரிவித்தது. ஸ்னோஃப்ளேக்கின் சொந்த அமைப்பு உடைக்கப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சில பாஸ்வேர்டுகள் 2020-லேயே திருடப்பட்டவை. ஆண்டுகள் கழிந்தும் மாற்றப்படாமல் வேலை செய்தன. இரண்டாவது சோதனையும் அந்தக் கணக்குகளில் இல்லை. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் ஏறக்குறைய எல்லா செல்போன் வாடிக்கையாளர்களின் 2022-ம் ஆண்டு அழைப்பு விவரங்கள் இப்படித்தான் பறிபோயின.

ஸ்னோஃப்ளேக்கிலேயே வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஒருவரின் மாதிரிக் கணக்குகளிலும் திருடர்கள் நுழைந்தார்கள். அவற்றில் முக்கிய விவரம் ஏதுமில்லை என்று நிறுவனம் கூறியது. கிடங்கு நடத்துபவர் வீட்டிலேயே பழைய சாவி ஒன்று தங்கியிருந்தது என்பதுதான் பாடம்.

கணக்குப்பிள்ளை மட்டும் இருந்தால் எல்லாத் திருட்டும் நின்றுவிடாது. வேலையில் இருப்பவரின் பாஸ்வேர்டு திருடுபோனால் இரண்டாவது சோதனைதான் காக்கும். 2024 அக்டோபர் முதல் தொடங்கப்படும் கணக்குகளில் மனிதப் பயனர்களுக்கு அதை ஸ்னோஃப்ளேக் இயல்பாகவே கட்டாயமாக்கியது. நமது நாட்டிலும் 2023-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

தம்பி தப்பித்தது எப்படி?

அவர் பழைய கம்பெனியில் இரவு நேர வேலை ஒன்றைத் தன் சொந்த ஐ.டி.யில் ஓடும்படி அமைத்திருந்தார். அதை மூடினால் அந்த வேலை நின்றுவிடும் என்று பயந்து, அவர் போன பிறகும் யாரும் கை வைக்கவில்லை. பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே நுழைந்தவர் விவரம் அங்கே 365 நாட்கள் பதிவில் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கும்படி இவர் பதில் எழுதினார். அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்குள்ளிருந்தே என்று தெரிந்தது. இவரிடம் அப்போது கேட் பாஸ்கூட இல்லை. மூன்று வாரம் கழித்து, "மேல் நடவடிக்கை இல்லை" என்று இரண்டு வரி வந்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

"சாவியைப் பிடுங்குவது கம்பெனியைக் காப்பாற்ற மட்டும் என்று நினைத்திருந்தேன். போகிறவனைக் காப்பாற்றவும்தான் அண்ணா" என்றார் அவர்.

வேலை மாறும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்த ஐ.டி.யில் எந்த வேலையையும் ஓடவிட்டுப் போகாதீர்கள். பாஸ்வேர்டை நண்பரிடமும் சொல்லாதீர்கள். கடைசி நாளன்று, உங்கள் ஐ.டி.கள் எல்லாம் மூடப்பட்டன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயக்கம் வேண்டாம், ரயில்வேயில் நாங்கள் அந்தக் கையெழுத்தை வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை.