மின்னுவதை நம்பாதீர்கள்
பாறை, கயிறு, கடல் – 6

ரெய்லே தீபகற்பம் தாய்லாந்தின் கிராபியோடு நிலத்தால் ஒட்டியிருந்தாலும் சுண்ணாம்புப் பாறைகள் வழிமறிப்பதால் படகில்தான் போக வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஓதம், படகு, பருவம் ஆகியவற்றை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் விரல் பருமனுள்ள ஓர் உலோகத் துண்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். கிராபிக்குப் பாறை ஏறப் போகிறவர் விமான டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் பாறையில் பதித்திருக்கும் போல்ட்டை விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏறுபவர் கைநழுவினால் கயிறு பிடிக்கும். கயிற்றைப் பிடிப்பது போல்ட். உலகின் பல பாறைகளில் அது துருப்பிடிக்காத எஃகு. நம் சமையலறை எவர்சில்வரில் புழங்கும் 304 ரகமும், கடலோரத்துக்கென்றே மாலிப்டினம் சேர்த்த 316 ரகமும் தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் சில ஆண்டுகளிலேயே முறிந்திருக்கின்றன. காரணம், நாம் அறிந்த துரு அல்ல. இழுவிசையில் இருக்கும் எஃகுக்குள் உப்பின் குளோரைடு நுண்ணிய விரிசல்களைக் கிளைவிடச் செய்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. யாரும் தொங்கவே வேண்டாம், இறுக்கிய நட்டு தரும் இழுவிசையே போதும். வெளியே பளபளப்பு கெடாமல் இருக்கும். ஒருநாள் ஓர் ஆள் எடைக்கே முறிந்துவிடும்.

இதன் கொடூரத்தைக் காட்டிய இடம் பாறையே அல்ல. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1972-இல் திறந்த உள்ளரங்க நீச்சல் குளத்தில், கான்கிரீட் உட்கூரையைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் மேலிருந்து தாங்கின. குளத்துக் குளோரின் காற்றோடு மேலேறிக் கம்பிகளில் படிந்தது. 13 ஆண்டுகள் அசையாமல் நின்ற கூரை, 1985 மே மாதம் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். கம்பிகளை அரித்ததும் கிராபியின் போல்ட்டை அரிப்பதும் ஒரே வினை. “ஆண்டுதோறும் எத்தனையோ பேர் ஏறுகிறார்களே, என்ன ஆகிவிட்டது?” என்று கேட்பவர்களுக்கு அந்த 13 ஆண்டுகளே பதில். நேற்றுவரை தாங்கியது என்பதற்கு, விரிசல் நேற்றுவரை முழுதாக ஓடி முடியவில்லை என்பதற்கு மேல் பொருளில்லை.

மழை படாத இடம்தான் இன்னும் மோசம். திறந்த பாறையில் படியும் உப்பை மழை கழுவிவிடும். முன்னோக்கிச் சரிந்த பாறையின் அடியில் அது சேர்ந்துகொண்டே போகும். மழையிலும் நனையாமல் ஏறலாம் என்று திட்டத்தில் குறித்துவைக்கும் அதே சுவரில்தான் போல்ட்டுக்கு ஆபத்து அதிகம். ஒன்று முறிந்தால் கீழே உள்ளது பிடிக்காதா? பிடிக்கலாம். ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே எஃகு, அதே காலத்தில் பதித்தது, அதே உப்புக்காற்றில் இருப்பது. முதல் போல்ட்டுக்குக் கீழே தரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

தீர்வு டைட்டானியம். கடலோர வெப்பத்தில் குளோரைடால் அதை விரிசலிட வைக்க முடிவதில்லை. விலை அதிகம், ஆனாலும் நன்கொடை திரட்டி, தன்னார்வலர்கள் ரெய்லே, டோன்சாய் பாறைகளில் பழைய எஃகை அகற்றி, துளையில் பசையிட்டு டைட்டானியம் பதித்து வருகிறார்கள். நட்டு இல்லாமல் வளைத்த ஒரே கம்பி, மங்கிய சாம்பல் நிறம். எஃகிலும் இதே வடிவம் உண்டு என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கிராபி மாகாணத்திலேயே உள்ள குளோங் தோமில் தமிழ்ப் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினது என்கிறார்கள். பெரும்பதன் உரசிப் பார்த்துத் தரம் சொல்லியிருப்பார். ஏறுபவர் கையில் அப்படியொரு கல் இல்லை.

உள்ளூர்ப் பயிற்சிப் பள்ளிகள் பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. எந்த வழியில் போல்ட் மாற்றப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வழிகாட்டியோடு போகிறவருக்கு அது போதும். சொந்தக் கயிற்றோடு முன்னேறிப் போகிறவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தச் சுவர், என்ன உலோகம், எந்த ஆண்டு பதித்தது என்ற மூன்றையும் புறப்படுமுன்பே எழுதிக் கேளுங்கள். பதில் வராத சுவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஓதமும் படகும் அடுத்த வாரம்.