பற்கம்பியும் வாய்த் தூய்மையும்

பல் வரிசையைச் சீராக்கும் கம்பி, தூய்மை குன்றினால் நோய்க்கும் இடமளித்துவிடும். 'கேண்டிடா ஆல்பிகன்ஸ்' என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை, நலமுள்ளோர் பலரின் வாயிலும் தீங்கின்றி வாழ்வதாகும். கம்பியின் இடுக்குகளில் உணவுத் துணுக்குகள் தங்கும்போது அது பெருகுகிறது; இனிப்பு அதற்கு ஊட்டமாகிறது. வெண்படலம், எரிச்சல், வாயோர வெடிப்பு ஆகியன அதன் அறிகுறிகள்.

உண்டபின் வாய் கொப்பளித்து, கம்பியின் மேலும் கீழும் துலக்கி, இடுக்குகளைச் சிறு தூரிகையால் தூய்மை செய்தல் வேண்டும். அறிகுறி தோன்றின் பல் மருத்துவரை நாடுதல் நலம். 2014-இல் தொடங்கப்பெற்ற தேசிய வாய்நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனை அளவிலும் அதற்குக் கீழும் பல் மருத்துவ வசதியை வலுப்படுத்த முனைகிறது. எனினும், சிற்றூர்கள் பலவற்றில் மருத்துவரைக் காணும் நாட்கள் சிலவே. எஞ்சிய நாட்களின் காவல் கம்பி அணிந்தவர் கையிலேயே உள்ளது.