மின்னிசை கேட்கப் புகுவார்க்கு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்து, மாந்தர் குரலை மிடற்றுக்கருவி என ஐந்தாவதாக வைத்து எண்ணுதல் தமிழ் மரபு. இவ்வைந்தனுள் எதனை எடுத்துக்கொள்ளினும் அங்கே ஒரு பொருள் அதிர்கின்றது. தோல் அதிரும், துளையுள் நிற்கும் காற்று அதிரும், நரம்பு அதிரும். இருபதாம் நூற்றாண்டிலே இவ்வகுப்பினுள் அடங்காத கருவிகள் தோன்றின. அவற்றினுள் அதிர்வது தோலுமன்று, நரம்புமன்று, மின்னோட்டமே. ஒலிபெருக்கியைச் சென்றடையும்வரை அங்கே ஓசை என்பதே இல்லை. இவ்வாறு மின்னாற் பிறப்பிக்கப்பட்ட அல்லது மின்னால் உருமாற்றப்பட்ட ஒலிகளைக்கொண்டு அமைக்கப்படுவதே மின்னிசை.

இவ்விசையைப் புதிதாகக் கேட்க விரும்பும் ஒருவர் வாயிலிலேயே தடுமாறுதல் இயல்பு. திருவிழாக்களிலும் களியாட்டங்களிலும் காதைத் துளைக்கும் முழக்கம் ஒன்றே மின்னிசை எனக் கருதி விலகுவோர் ஒரு சாரார். கற்றறிந்தோர் சொற்கேட்டு, மிகக் கடினமான படைப்பையே முதலில் எடுத்து, அரை நாழிகையுள் அதனை மூடிவைத்து விடுவோர் மற்றொரு சாரார். இருவருக்கும் நேர்ந்த குறை செவியின் குறையன்று, வரிசையின் குறையாகும். அரிச்சுவடி கல்லாத மாணவன் கையில் இலக்கண உரையைக் கொடுத்தல் எத்தன்மைத்தோ, அத்தன்மைத்து இதுவும். ஆதலால், ஒவ்வொரு படியிலும் அறிந்ததொன்றைப் பற்றிக்கொண்டு அறியாததொன்றை நோக்கி அடிவைக்குமாறு சில இசைத்தட்டுகளை வரிசைப்படுத்திக் கூறுதல் பயனுடைத்து.

அதற்கு முன்னர், கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரே சுருதியில் இசைத்தாலும் வீணையையும் குழலையும் நாம் வேறுபடுத்தி அறிகின்றோம். அடிப்படைச் சுரத்தோடு உடன் பிறக்கும் மேற்றொனிகள் ஒவ்வொரு கருவியிலும் வெவ்வேறு அளவின ஆதலே அதற்குக் காரணம். எனவே, மேற்றொனிகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒருவர் விரும்பிய ஒலிவண்ணத்தை ஆக்கவும் வல்லவராவர். சிந்தசைசர் என்னும் கருவி செய்வது இதுவே. அதன் முதற்பகுதி மின்னலைகளைப் பிறப்பிக்கின்றது. இரண்டாம் பகுதி வேண்டாத மேற்றொனிகளை வடிகட்டுகின்றது. மூன்றாம் பகுதி ஒலி எழுந்து, நின்று, தேயும் முறையை வகுக்கின்றது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரொபேட் மோக் என்பார் இப்பகுதிகள் யாவற்றையும் மின்னழுத்தத்தால் ஆளும் கருவியை அமைத்தார். அதன்கண் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். கைவிரலுக்கும் ஒலிக்கும் இடையே தோலும் நரம்பும் இருந்த இடத்தில் எண்ணும் அளவும் வந்து அமர்ந்தன.

இராகம் பயின்ற செவியினர் முதலிற் கேட்கத்தக்கது, பம்பாயிற் பதிவுசெய்யப்பெற்று 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்னும் தட்டாகும். இதனை ஆக்கிய சரண்ஜித் சிங் இந்தித் திரையிசைக் குழுக்களிற் கிற்றார் முதலிய கருவிகளை வாசித்தவர். யப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை இணைத்து, மாறாத நடையிற் செல்லும் யந்திரத் தாளத்தின்மீது பத்து இந்துஸ்தானி இராகங்களை அவர் இசைத்தார். அவற்றுட் சில நமக்குப் பழகிய முகங்களே. பைரவ் நம் மாயாமாளவகௌளையையும், யமன் கல்யாணியையும், பூபாலி மோகனத்தையும் சுரவரிசையால் ஒக்கும். தட்டிலுள்ள அடித்தொனிக் கருவி, தனித்திருந்து பயிலும் கிற்றார் வாசிப்போருக்குத் துணையாக வாசிக்கவென ஆக்கப்பட்டது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதற்கு உண்டு. கமகம் அறிந்த செவி அவ்வழுக்கலை உடனே இனங்காணும். இலக்கணம் பழையது, கருவி ஒன்றே புதியது. எனவே இது நல்ல முதற்படியாகும்.

இரண்டாவதாகக் கேட்கவேண்டியது 1968ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சுவிச்ட்-ஒன் பாக்’. ஜேர்மானிய இசையாசிரியர் யொஹான் செபஸ்தியன் பாக் (1685–1750) இயற்றிய உருப்படிகளை வெண்டி கார்லொஸ் மோக் கருவியில் இசைத்த தட்டு இது. மேனாட்டுச் சங்கீதம் பயிலாத செவிக்குப் பாக்கின் இசை கடினமாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே ஒரே நேரத்தில் மூன்று நான்கு இசையோட்டங்கள் ஒன்றையொன்று தொடர்ந்தும் எதிர்த்தும் செல்லும். கார்லொஸ் ஒவ்வோர் ஓட்டத்திற்கும் ஒவ்வொரு வண்ணம் தந்தமையால், பலநிற நூல்களாற் பின்னிய பாயிலே ஒரு நூலைக் கண் தொடர்வதுபோலச் செவி ஓர் ஓட்டத்தைத் தொடர்ந்து செல்லலாம். அக்காலத்து மோக் கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்க வல்லது. அடிக்கடி சுருதியும் பிசகும். ஆகவே ஒவ்வோர் ஓட்டமும் தனித்தனியே வாசிக்கப்பட்டு, எட்டுத் தடங்கொண்ட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியப்பட்டது. யந்திரத்தின் விசையை அழுத்தியதும் இசை தானே பிறந்துவிடும் என எண்ணுவோர் இவ்வுழைப்பை நினைத்துப் பார்த்தல் நன்று. 1970இல் இத்தட்டு மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது.

இவ்விரு தட்டுகளும் பழைய பாட்டைப் புதிய கருவியிற் கேட்பித்தன. அக்கருவிக்கே உரிய பாட்டு யாது என்னும் வினா அடுத்து எழுகின்றது. அதற்கு விடைகூற முயன்றோருட் சிறந்தவர் ஜேர்மனியின் டுசல்டோர்ப் நகரத்துக் கிராப்ட்வேர்க் குழுவினர். றால்ப் ஹுற்றர், புளோரியன் ஷினைடர் என்னும் இருவர் தொடக்கிய இக்குழு 1974இல் ‘ஓட்டோபான்’ என்ற தட்டை வெளியிட்டது. மோட்டார் வண்டியின் கதவு அடைபடும் ஓசையோடு தொடங்கி, நெடுஞ்சாலைப் பயணம் ஒன்றை ஏறக்குறைய 22 நிமிடங்களில் அதன் முதலுருப்படி ஓவியமாகத் தீட்டுகின்றது. 1977இல் வந்த ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ புகைவண்டிச் சக்கரங்களின் நடையையே தாளமாகக் கொண்டது. ஆற்றையும் பறவையையும் பழைய இசைவாணர் பாடினர். சாலையையும் இருப்புப்பாதையையும் இவர்கள் பாடினர். தம் காலத்தையும் தம் ஊரையும் பாடுதலில் இருசாராரும் ஒருவரே. இத்தட்டின் மெட்டை நியூயோர்க் நகரத்து ஆபிரிக்க அமெரிக்க இளைஞர் 1982இல் தம் நடனப்பாட்டிற்கு எடுத்தாண்டனர் என்பது, அது எல்லை கடந்து சென்றதற்குச் சான்று.

நான்காம் படியில் தாளமும் விலகுகின்றது. ஆங்கிலேயரான பிரயன் ஈனோ 1978இல் வெளியிட்ட ‘மியூசிக் போர் எயர்போர்ட்ஸ்’ விமான நிலையங்களிற் காத்திருப்போர் மனத்தை அமைதிப்படுத்தும் நோக்குடன் ஆக்கப்பட்டது. அதன் இரண்டாவது உருப்படியை எடுத்துக்கொள்வோம். பெண் குரல்கள் தனித்தனிச் சுரங்களை நீட்டிப் பாடுகின்றன. ஒவ்வொரு சுரமும் ஒவ்வோர் ஒலிநாடா வளையத்திற் பதிந்துள்ளது. ஒரு வளையம் 23½ வினாடிக்கு ஒருமுறை சுழலும். மற்றொன்று ஏறத்தாழ 26 வினாடிக்கு ஒருமுறை. வேறொன்று ஏறத்தாழ 30 வினாடிக்கு ஒருமுறை. நீளங்கள் ஒத்து வாராமையாற் சுரங்கள் ஒருமுறை சந்தித்தவாறு மறுமுறை சந்திப்பதில்லை. வெவ்வேறு அளவுள்ள தாளவட்டங்கள் எப்போது ஒருங்கு கூடும் எனக் கணக்கிடுவோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். கேட்போர் செய்யவேண்டுவது ஒன்றே. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திராது, தம்புராவின் நாதத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது தட்டு 1992இல் வெளிவந்த ‘செலெக்டட் அம்பியன்ட் வேர்க்ஸ் 85–92’. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வாலில் வளர்ந்த றிச்சட் ஜேம்ஸ் என்பவர் ‘ஏபெக்ஸ் ட்வின்’ என்னும் பெயரில் இதனை ஆக்கினார். கிராப்ட்வேர்க்கின் அசையாத தாளமும் ஈனோவின் மிதக்கும் அமைதியும் இங்கே ஒன்றுகூடுகின்றன. வீட்டிலிருந்தபடியே கசெற் நாடாவிற் பதியப்பட்டமையால் அதன் ஒலி சற்று மங்கியது. ஆயினும் அம்மங்கலே அதற்கு ஒரு தனியழகைத் தருகின்றது. முற்காலத்தில் அரசாங்க வானொலி நிலையங்களிலேயே காணத்தக்கதாயிருந்த கலை, ஓர் இளைஞனின் அறைக்குள் வந்துசேர்ந்ததை இத்தட்டு காட்டுகின்றது. எளிய கருவியும் மிக்க பொறுமையும் உடைய எவரும் இதனுட் புகலாம் என்னும் ஊக்கம் மாணவர்க்கு இதனாற் கிடைக்கும்.

இவ்வளவிற் பழகிய செவி, இனித் தொடக்ககாலத்துப் படைப்புகளுக்குத் திரும்பலாம். பாரிஸ் வானொலியிற் பணிபுரிந்த பியேர் ஷெபர் 1948இல் பற்றிஞ்ஞோல் நிலையத்துப் புகைவண்டிகளின் ஓசையைப் பதிவுசெய்து, வெட்டியும் அடுக்கியும் ஓர் இசையாக்கினார். கிராப்ட்வேர்க் புகைவண்டியைப் போன்ற இசையைச் செய்தது. ஷெபர் புகைவண்டியையே இசையாகச் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், இசைக்கும் வெற்றோசைக்கும் இடையிலுள்ள வேலி எங்கேயுள்ளது எனத் தாமே ஆராயத் தொடங்குவார். கொலோன் வானொலி நிலையத்திலே கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசன் ஆக்கி, 1956இல் அரங்கேறிய ‘கெசாங் டெர் யுங்லிங்க’ இவ்வரிசையிற் கடைசியாகக் கேட்கத்தக்கது. சிறுவன் ஒருவனின் குரலும் தூய மின்னொலிகளும் ஒன்றுள் ஒன்று கரைவதனை அங்கே காணலாம். அது 13 நிமிட அளவினதே. ஆயினும் முதலில் இதனைக் கேட்டு ஓடியவர் பலர். இறுதியிற் கேட்போர் நின்று கேட்பர்.

யந்திரம் இசைக்கும்பொழுது மனிதனுக்கு அங்கே என்ன வேலை என்பது ஆசிரியர் பலரும் எழுப்பும் தடை. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கணினி ‘டெய்சி பெல்’ என்னும் பழைய பாட்டைப் பாடிற்று. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அங்கு சென்றிருந்தபோது அதனைக் கேட்டார். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ திரைப்படத்தில், அறிவு சிறிது சிறிதாக அவிந்துபோகும் கணினி அப்பாட்டையே பாடுகின்றது. பாடியது யந்திரம், அதனைக் கேட்டு இரங்கத்தக்கதாக்கியது மனிதக் கற்பனை.

தடையின் மறுபக்கம் இதனினும் கவலைக்குரியது. யந்திரமே செய்தது என எண்ணுவதால் மனிதனுக்குரிய புகழ் மறைந்துபோகின்றது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் ‘டொக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசை 1963இல் ஆக்கப்பட்டது. றொன் கிரெயினர் எழுதிய மெட்டை, சுரம் சுரமாக ஒலிநாடாவை வெட்டி ஒட்டி ஒலிவடிவாக்கியவர் டீலியா டார்பிஷயர். அவர் பெயர் திரையில் இடம்பெறவில்லை. பணிமனையின் பெயரே இடம்பெற்றது. அவர் 2001இல் மறைந்தார். 2013இல், தொடரின் ஐம்பதாண்டு நிறைவின்போதே அவர் பெயர் திரையில் தோன்றிற்று.

முதற்படியாகக் கூறிய சரண்ஜித் சிங்கின் தட்டும் வெளிவந்த காலத்தில் எவராலும் பொருட்படுத்தப்படவில்லை. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1987இல், அதே அடித்தொனிக் கருவியைக்கொண்டு சிக்காகோ இளைஞர் ஆக்கிய நடனவிசை உலகெங்கும் பரவிற்று. பம்பாய்த் தட்டோ மறுபதிப்புப் பெற 2010ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. அவர் 2015இல் மறைந்தார். தம் முதுமையிலேனும் அதனை விரும்பிக் கேட்போரைக் கண்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் அத்தட்டிற் குறையொன்றும் இருக்கவில்லை. குறை, கேளாது விட்ட செவிகளில் இருந்தது.

ஆகவே, புதிதாகக் கேட்போர் ஒரு மாலையில் ஒரு தட்டு என அமைதல் வேண்டும். பிற வேலையின்றி ஒருமுறையும், சில நாள் கழித்து மறுமுறையும் முழுதாகக் கேட்டபின்னரே நன்றெனவோ தீதெனவோ கூறுதல் தகும். கேட்டபின்னரும் பிடிக்கவில்லையெனின் அதுவும் ஒரு தீர்ப்பே, அது மதிக்கத்தக்கது. கேளாமுன் கூறும் தீர்ப்பு மட்டுமே, யாரோ ஒருவர் பலகாலம் உழைத்துச் செய்ததை இல்லாததாக்கி விடுகின்றது.