கானலுக்கு முன் ஒரு லென்ஸ் பரீட்சை

கரைமேல் கேமரா – 6

மார்கழியில் ஊசுடு ஏரிக்கரைக்கு ஆறரை மணி வாக்கில்தான் வெயில் வருகிறது. கரைமேல் நிற்பவரின் முதுகில் அது படும், எதிரே தண்ணீர். புதுச்சேரிப் பக்கம் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், ஓடிவரும் தண்ணீரைத் தடுக்க ஏரிகளுக்குப் பெரும்பாலும் கிழக்கில்தான் கரை போட்டார்கள். பாசனத்துக்காக அன்று மண் சுமந்தவர்கள், பறவைப் படம் எடுக்க வருபவர்களுக்குக் காலை வெளிச்சத்தைச் சரியான பக்கத்திலிருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே கரையில் மாலையில் நின்றால் வெயில் கண்ணுக்கு நேரே வரும். நாரையும் நீர்க்காகமும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

கேமரா பாடியைப் பற்றிப் போன வாரம் பேசியாகிவிட்டது. இந்த வாரம் அதன் முன்னால் மாட்டும் டெலி லென்ஸ். அதிலும் தோளை இறக்காத, முக்காலி கேட்காத, பைக்கில் வருகிற ஒருவர் பையில் போட்டு எடுத்து வரக்கூடிய இலகுவான லென்ஸ்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்தக் கனக் கணக்கு முக்கியம். ஊசுடு ஏரி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாகச் சுமார் 800 ஹெக்டேர் பரந்து கிடக்கிறது. ஏறக்குறைய பாதி புதுச்சேரியில். 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாட்டுப் பகுதியும் அந்தத் தகுதியைப் பெற்றது. தெற்கே, தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நிறையும் பாகூர் ஏரி. அதைச் சுற்றிலும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய வயல்கள். இங்கே பறவை ஓரிடத்தில் காத்திருப்பதில்லை. காலையில் ஏரி நடுவே இருக்கும் கூட்டம், பத்து மணிக்கு உழுத சேற்றில் நிற்கும். அதன் பின்னால் வரப்பில் நடக்க வேண்டும். கையில் நான்கு கிலோ இருந்தால் இரண்டாவது வரப்பிலேயே கால் நின்றுவிடும்.

நாமக்கோழிக் கணக்கு

எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஊசுடு ஏரியின் நாமக்கோழியே பதில் சொல்லும். உடல் கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், நீளம் சுமார் 40 செ.மீ. அது கரையிலிருந்து 40 மீட்டரில் நீந்துவதாக வைத்துக்கொள்வோம். தூரம் பறவையைப் போல நூறு மடங்கு. அப்படியானால் சென்சார் மேல் விழும் பிம்பம், லென்ஸின் குவியத் தூரத்தில் நூறில் ஒரு பங்கு. 400 மி.மீ. லென்ஸில் 4 மி.மீ., 600இல் 6 மி.மீ., 800இல் 8 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆக, 400இல் எடுத்தால் படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் நாமக்கோழி. ஒரு மீட்டர் உயரச் சங்குவளை நாரை 100 மீட்டரில் நின்றாலும் இதே அளவுதான்.

இப்போது தூரத்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம். நாமக்கோழி 20 மீட்டருக்கு வந்துவிட்டால், 400 மி.மீ. லென்ஸே 8 மி.மீ. பிம்பம் தரும். 800 மி.மீ. லென்ஸ் வாங்கிக் கிடைத்திருக்க வேண்டியது, ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்ததில் கிடைத்துவிடுகிறது. துரத்திப் போனால் அது தண்ணீர்மேல் தடதடவென ஓடி இன்னும் தள்ளிப் போகும். இரை மேயும் நேரமும் கெடும். கரையில் குந்தி, முழங்கையை முட்டியில் ஊன்றி, அரை மணி நேரம் காத்திருந்தால் மேய்ந்தபடியே நெருங்கி வர வாய்ப்புண்டு. அந்த அரை மணி நேரமும் கையில் தாங்கக்கூடிய லென்ஸ் எது என்பதே தேர்வின் முதல் கேள்வி.

கனம் எங்கே குறைந்தது?

நீண்ட லென்ஸின் கனம் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. 600 மி.மீ. எஃப் 4 என்றால், 600ஐ 4ஆல் வகுத்து, வெளிச்சம் நுழையும் வாய் 150 மி.மீ. அகலம் வேண்டும். டிஎஸ்எல்ஆர் காலத்து நிக்கான் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் எடை 3,810 கிராம். எஃப் 6.3 என்றால் 95 மி.மீ. போதும். எஃப் 11 என்றால் 55 மி.மீ. கூட வேண்டாம்.

வாயைச் சுருக்குவது ஒரு வழி. இன்னொரு வழியின் வேர் கலங்கரை விளக்கத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெனல், தடித்த கண்ணாடி வில்லையைப் படிப்படியான வளையங்களாக வெட்டி மெலிதாக்கினார். 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஏற்றப்பட்டது. 1836ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம் இன்றும் கடற்கரையில் நிற்கும் புதுச்சேரிக்கு இந்தக் கதை அந்நியமாக இராது.

கேமரா லென்ஸில் அந்த வளையங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையானவை. சாதாரணக் கண்ணாடி நிறங்களை ஒரு திசையில் பிரிக்கும். இந்த வளையங்கள் எதிர்த்திசையில் பிரிக்கும். இரண்டும் சேரும்போது நிறப்பிழை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் திருத்தத்துக்கென்று கூடுதல் கண்ணாடிகளை அடுக்க வேண்டியதில்லை. லென்ஸின் நீளமும் குறையும். கேனான் இதை டிஓ என்கிறது; இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 400 மி.மீ. எஃப் 4 லென்ஸில் கொண்டுவந்தது. நிக்கான் வைத்த பெயர் ஃபேஸ் ஃப்ரெனல், சுருக்கமாகப் பிஎஃப். 2015இல் வந்த 300 மி.மீ. எஃப் 4 பிஎஃப் 755 கிராம். 2018இல் 500 மி.மீ. எஃப் 5.6 பிஎஃப், 1,460 கிராம். 2023இல் மிரர்லெஸ் கேமராக்களுக்கு 600 மி.மீ. எஃப் 6.3, பிடிவளையத்தோடு 1,470 கிராம்.

கேனான் 2020 ஜூலையில் இரண்டு வழிகளையும் ஒன்றாக்கியது. டிஓ கண்ணாடியும் வைத்து, வாயையும் எஃப் 11 என்று சுருக்கி, 600 மி.மீ. லென்ஸை 930 கிராமிலும் 800 மி.மீ. லென்ஸை 1,260 கிராமிலும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை 699 டாலரும் 899 டாலரும். பெரிய டெலி லென்ஸ்களின் விலையோடு ஒப்பிட்டால் இது சம்பளக்காரர் ஒருவர் யோசித்துப் பார்க்கக்கூடிய தொகை.

எஃப் 11க்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். எஃப் 6.3 லென்ஸ் இதைவிட மூன்று மடங்கு, எஃப் 4 லென்ஸ் ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். நல்ல வெயிலில் சிக்கல் இல்லை: எஃப் 11இல் 1/1600 நொடி ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 800 போதும். சூரியன் எழுந்த முதல் அரை மணியில் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். கறுப்பு நாமக்கோழியின் கழுத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். கேனானின் ஆர்5, ஆர்6 கேமராக்களில் இந்த லென்ஸ்களின் ஆட்டோஃபோகஸ் நடுப்பகுதியில் மட்டும், அகலத்தில் 40 சதவீதமும் உயரத்தில் 60 சதவீதமும் உள்ள கட்டத்துக்குள் வேலை செய்யும். மழைத் தடுப்பு அடைப்பும் இவற்றில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையும் நாட்களில் பையில் ஒரு பாலிதீன் உறை கட்டாயம்.

கிட்டே வரும் பறவைக்கும் ஒரு கணக்கு உண்டு. 600 மி.மீ. எஃப் 11 லென்ஸ் நாலரை மீட்டருக்குள் இருப்பதைக் குவிக்காது. 800க்கு ஆறு மீட்டர் வேண்டும். வீட்டு முருங்கையில் மூன்று மீட்டரில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டை இவற்றால் எடுக்க முடியாது. தோட்டம், வரப்பு, மின்கம்பிப் பஞ்சுருட்டான் என்று தொடங்குபவருக்கு 2021இல் வந்த கேனான் 100–400 ஜூம் பொருந்தும். எடை 635 கிராம். ஒரு மீட்டருக்குள் இருப்பதையும் குவிக்கும்.

சோதனைக்குக் களம் ஏரிக்கரை

கடை வெளிச்சத்தில் சுவரைப் படமெடுத்து லென்ஸை எடைபோட முடியாது. வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, வழக்கமாகப் போகும் ஏரிக்கு, வழக்கமாகப் போகும் நேரத்தில் கொண்டுபோவதே நல்ல சோதனை.

முதல் சோதனை, கண்ணாடியின் நேர்மை. வெயில் ஏறுமுன், 30 மீட்டரில் நிறுத்திய பைக்கின் நம்பர் பிளேட்டை, கேமராவை முக்காலியில் வைத்து எடுக்க வேண்டும். அதிர்வுத் தடுப்பை அணைத்து, டைமரில். நம்பர் பிளேட் நடுவில் ஒரு முறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை, ஒவ்வொன்றையும் புதிதாகக் குவித்து. ஒரு பக்க மூலை மட்டும் மற்றவற்றைவிட மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கக்கூடும். அந்தப் பிரதியை மாற்றிக் கேட்கலாம்.

இரண்டாவது, கையின் நேர்மை. அதிர்வுத் தடுப்பைப் போட்டு, கையில் பிடித்து, 1/1000, 1/500, 1/250, 1/125 ஒவ்வொன்றிலும் பத்துப் படங்கள். கணினியில் முழு அளவில் பார்த்து, தெளிவானவற்றை எண்ண வேண்டும். பத்தில் எட்டு எந்த ஷட்டரில் கிடைக்கிறதோ, அதுவே அந்தக் கைக்கும் அந்த லென்ஸுக்குமான எல்லை. ஒரு மணி நேரம் கரையில் நடந்தபின் மறுபடி எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை குறையும். எவ்வளவு குறைகிறது என்பதில்தான் லென்ஸின் உண்மையான எடை தெரியும்.

மூன்றாவது, மீசை ஆலா. தண்ணீர்மேல் தாழப் பறந்து சட்டென்று திரும்பும் இந்தப் பறவையைப் பின்னால் நாணலோடு சேர்த்துத் தொடர்ந்தால், ஆட்டோஃபோகஸ் பறவையைப் பிடிக்கிறதா, நாணலுக்குத் தாவுகிறதா என்று தெரிந்துவிடும். வெறும் வானத்தில் எல்லா லென்ஸும் தேறும்.

நான்காவது, எதிர்வெயில். பிஎஃப் வகை லென்ஸ்களில், பலமான ஒளி நேரே விழுந்தால் அதைச் சுற்றி நிற வளையம் தோன்றக்கூடும் என்று நிக்கானே சொல்கிறது. மாலை ஐந்தரைக்கு அதே கரையிலிருந்து, தண்ணீரில் மின்னும் வெயிலை ஃபிரேமில் வைத்து நாலு படம் எடுத்தால் அது எந்த அளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஐந்தாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. செய்யாமலே லென்ஸைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு 100 மீட்டரில் ஒரு பட்ட மரத்தை எடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு அதே இடத்திலிருந்து அதே மரத்தை எடுக்க வேண்டும். இரண்டாவது படத்தில் கிளையின் ஓரம் நெளியும். இடையே வந்தது கானல். கரைச் சாலையின் சூடும் தண்ணீரின் குளுமையும் கலக்கும் காற்று, ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்தாலும் அந்தக் காற்றைக் கண்ணாடி திருத்தாது. தூரம் கூடக் கூட நெளிவும் கூடும். 800 மி.மீ. அதைப் பெரிதாக்கித்தான் காட்டும். ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள், 30 மீட்டருக்குள் எடுத்த 400 மி.மீ. படம், உச்சி வெயிலில் தொலைவிலிருந்து எடுத்த 800 மி.மீ. படத்தைவிட இறகிறகாகத் தெளிந்திருக்கும்.

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் ஆறாவதாக ஒன்றும் பார்க்க வேண்டும். 1993இல் வந்த கேனான் 400 மி.மீ. எஃப் 5.6, அதிர்வுத் தடுப்பு இல்லாவிட்டாலும் 1,250 கிராமில் பறக்கும் பறவைக்குப் பேர்போனது. அப்படி ஒன்று கைக்கு வந்தால், இருட்டறையில் டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல இழையோடினால் பூஞ்சை. கடற்கரை ஈரத்தில் அது பரவும். வாங்கிய லென்ஸைத் துணிப்பையில் சுருட்டி அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது.

தமிழ் இயற்கையாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களை இணைத்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த காட்டு விலங்குப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. தன் கைக்கும் தன் காட்டுக்கும் ஏற்ற கருவியை அவர் தானே கட்டினார். இன்று வில்லியனூரிலிருந்து பைக் எடுப்பவருக்கு அதைக் கடையிலேயே தேடிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: தன் ஏரியில் பறவை எத்தனை மீட்டரில் நிற்கிறது, தான் எத்தனை மணிக்கு அங்கே இருப்பார், எவ்வளவு நேரம் குந்தியிருக்க முடியும்.

பொங்கல் நாட்களில், 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. தூரத்தில் நிற்கும் வாத்து ஊசிவாலா, புள்ளிமூக்கா என்று கரையில் வாக்குவாதம் எழும்போது, அழகாக இல்லாவிட்டாலும் அடையாளம் சொல்லும் ஒரு படம் எப்படி எடுப்பது? அடுத்த வாரம் பாகூர் ஏரிக்கரையில் பார்க்கலாம்.

(தொடரும்)